கேம் மேப்பை கேன்வாஸில் வரைவது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வீடியோ கேம், மீம், இணையத்தில் சுற்றும் படங்கள் ஆகியவற்றிலிருந்து பிறக்கும் ஓவியத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

இது என்ன வகை ஓவியம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

திரைக்குள் நாம் கழிக்கும் நேரத்தையும், அங்கே பார்த்துப் பழகிய இடங்களையும் பெயின்ட்டால் கொண்டுவருவது. ஆற்றங்கரையில் வளர்ந்தவர் ஆற்றை வரைந்தார், கடலோரத்தில் வளர்ந்தவர் கட்டுமரத்தை வரைந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பப்ஜி ஆடியே வளர்ந்தவனுக்கு எரங்கல் மேப்பில் இருக்கும் போச்சிங்கி ஊர் தன் சொந்தத் தெரு மாதிரி அத்துப்படி. எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளியலாம், எந்த மாடியிலிருந்து குதித்தால் உயிர் போகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதை அவன் வரைந்தால் நிலக்காட்சி ஓவியம் என்றுதான் நான் சொல்வேன்.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலை அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி போனது, 2023-இல் மறுபடி வந்தது. ஓர் ஊர் இப்படி ஓர் உத்தரவில் காணாமல் போய்த் திரும்பி வருவது பழைய நிலக்காட்சி ஓவியர்களுக்குக் கிடைக்காத விஷயம். வரைய வேண்டியது அதைத்தான்.

மரியோவையோ ஃப்ரீ ஃபயர் கேரக்டரையோ அப்படியே வரைந்தால் இதில் சேருமா?

வரையலாம், கை பழகும். ஆனால் கேமில் மிகச் சுவாரஸ்யம் குறைந்தது கேரக்டர்தான். அதைக் கம்பெனி ஏற்கெனவே நன்றாக வரைந்துவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது மற்றவை: யாரும் நிமிர்ந்து பார்க்காத வானம், மேப்பின் ஓரத்தில் நிலம் திடீரென்று முடிகிற இடம், நெட் லாக் ஆகும்போது சுவருக்குள் பாதி புதைந்து நிற்கும் ஆள், செத்த பிறகு யார் கண்ணிலும் படாமல் மேப்பைச் சுற்றிப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள். இதையெல்லாம் ஆடினவன்தான் பார்த்திருப்பான். வெளியிலிருந்து வரைபவருக்குத் தெரியாது.

இதெல்லாம் நேற்று வந்த ஃபேஷன்தானே?

நாற்பது வருடம் ஆகிறது. 1985 ஜூலையில் நியூயார்க்கில் அமிகா கணினியின் அறிமுக விழாவில் ஆண்டி வார்ஹோல் மேடையில் உட்கார்ந்து கேமராவில் பிடித்த பாடகி டெபி ஹாரியின் முகத்துக்கு மவுஸால் நிறம் தீட்டினார். அந்தக் காலத்தில் அவர் அமிகாவில் போட்ட வேறு சில படங்கள் ஃப்ளாப்பி டிஸ்க்குகளிலேயே கிடந்து, மீட்கப்பட்டு, 2014-இல்தான் உலகத்துக்குத் தெரிய வந்தன. தொண்ணூறுகளில், ஏதென்ஸில் பிறந்த மில்டோஸ் மனேடாஸ் கேம் கன்சோல், ஜாய்ஸ்டிக், தரையில் சுருண்டு கிடக்கும் வயர் இவற்றை எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆரம்பித்தார். பழைய ஓவியர்கள் பழத்தட்டுக்கும் பூச்சாடிக்கும் கொடுத்த மரியாதையை அவர் வயருக்குக் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தவர் சீனாவின் ஃபெங் மெங்போ. 1994 வாக்கில், மாவோவின் நெடும்பயணத்தை ஒரு வீடியோ கேமின் ஸ்கிரீன்ஷாட்டுகள் மாதிரி வரிசையாக வரைந்தார். அப்படி ஒரு கேம் அப்போது கிடையாது. இல்லாத கேமுக்கு ஸ்கிரீன்ஷாட். 2008-இல் அதையே ஆடக்கூடிய கேமாகச் செய்து, ஆளுயரத்துக்கு மேல் நீளும் பெரிய திரையில் ஓடவிட்டார். செஞ்சேனைச் சிப்பாய் கோகோ கோலா கேனைத் தூக்கி எறிந்து சண்டை போடுவார். ஓவியம் முதலில், கேம் அப்புறம். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

1998-இல் பாரிஸ் சுவர்களில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் உருவங்களைப் பாத்ரூம் டைல்ஸ் போன்ற சின்னச் சதுரங்களால் ஒட்ட ஆரம்பித்தார் இன்வேடர் என்ற புனைபெயர்க்காரர். அந்த கேம் வந்தது 1978-இல். 2002-இல் கோரி ஆர்க்கேஞ்சல் பழைய மரியோ கேசட்டைத் திறந்து, மரியோ, செங்கல், காளான் என எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நீல வானத்தில் மேகம் மட்டும் நகர்கிற மாதிரி மாற்றினார். அது ஓவியம் இல்லைதான், ஆனால் அதைப் பார்த்த பிறகு வானத்தை வேறு மாதிரி வரையத் தோன்றும். இன்றைய ஆட்களில் ஏவரி சிங்கர் கட்டட வரைபடம் போடும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் காட்சியை அமைத்து, ஏர்பிரஷ்ஷால் கேன்வாஸில் ஏற்றுகிறார். நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம் 2012-இல் பாக்-மேன், டெட்ரிஸ் உள்ளிட்ட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. "கேமெல்லாம் கலையா" என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எடுபடாது.

ஓவியத்திலிருந்து கேமுக்குப் போனதும் உண்டா?

நிறைய. மைன்கிராஃப்டில் சுவரில் மாட்டுகிற குட்டி ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் செய்தவர் கிறிஸ்டோஃபர் செட்டர்ஸ்ட்ராண்ட் என்ற சுவீடன் நாட்டு ஓவியர். அவற்றில் பெரும்பாலானவை அவரே கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவை, அப்புறம் பிக்சலாக, அதாவது திரையின் சின்னச் சின்ன நிறக் கட்டங்களாகச் சுருங்கின. உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஓர் ஓவியரின் வேலையைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பெயர் தெரியாமலே. 2001-இல் வந்த ஐகோ கேமின் அட்டைப்படத்தை அதன் இயக்குநர் ஃபுமிடோ உவேடாவே வரைந்தார். நீண்ட நிழலும் ஆளில்லாத வளைவுகளும் இத்தாலிய ஓவியர் டி கிரிகோவிடமிருந்து வந்தவை. புனேயில் உருவாகி 2020-இல் வெளிவந்த ராஜி என்ற கேம், இமயமலைப் பக்கத்துப் பஹாடி ஓவிய மரபைக் கையில் எடுத்தது.

தமிழுக்கு வந்தால், வெண்பா என்ற கேம். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி ஊற்றுவதுதான் முதல் ஆட்டம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. இட்லிப் பானை கேமுக்குள் போக முடியும் என்றால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் பெட்டியும் போகும்.

வடசென்னையில் உட்கார்ந்து இதை வரைய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். தி.நகரில் இருப்பவர் கேட்டால் கோபப்படலாம், நம் பிள்ளையே கேட்டால் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

முதலில், கேம் இங்கே புதுசு கிடையாது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கிய டிவி கேம், அதில் சொருகும் மஞ்சள் கேசட், கேசட்டில் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும், உள்ளே போனால் அதே நாலைந்து கேம் பெயர் மாற்றி மாற்றி வரும். அப்புறம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி. இப்போது போன். ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற எவரிடமும் இந்த வரலாறு இருக்கிறது. அதை யாரும் வரைந்து வைக்கவில்லை.

இரண்டாவது, வடசென்னை என்றாலே சினிமாவில் ஒரே மேப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதே சந்து, அதே கத்தி, அதே குத்துச்சண்டை மேடை, பின்னணியில் அதே துறைமுகக் கிரேன். நாம் அந்த மேப்பில் நிற்கிற ஆட்கள், கன்ட்ரோலர் வேறு யார் கையிலோ இருக்கிறது. கேமில் என்பிசி என்று ஓர் இனம் உண்டு: ஒரே இடத்தில் நின்று, பக்கத்தில் போனால் ஒரே வசனத்தைப் பேசுகிற பொம்மை ஆட்கள். காசிமேட்டுக்கு வந்து மீன் விற்கும் அம்மாக்களை வரைந்துவிட்டுப் போகிற பல ஓவியங்களில் அந்த அம்மாக்கள் என்பிசி மாதிரிதான் நிற்கிறார்கள். கூடை, பளிச்சென்ற சேலை, ஒரு சிரிப்பு. நம் பிள்ளைகள் வரையும்போதும் இதே பழக்கம் வந்துவிடுகிறது. நான் சொல்வது ஒன்றுதான்: அந்த அம்மாவை பிளேயராக வைத்து வரையுங்கள். அவர் கண் உயரத்தில் ஏலக்கூடம் எப்படித் தெரியும்? தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு வாங்க வருகிறவர்களின் முட்டியும் பையும்தான் முதலில் தெரியும், முகம் அப்புறம்தான். அந்தக் கோணத்தில் ஒரு படம் போட்டுப் பாருங்கள், ஊரே மாறிவிடும்.

மூன்றாவது, இடம். எண்ணூர், மணலி சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். வானத்தை மறைக்கும் அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரங்கள். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள். பேசின் பிரிட்ஜில் ஒன்றன் மேல் ஒன்று பின்னிக் கிடக்கும் தண்டவாளங்கள். கேம் டிசைனர் ஒருவரை இங்கே ஒரு நாள் சுற்றவிட்டால் அவருக்கு ஆறு லெவலுக்குச் சரக்கு கிடைக்கும்.

வகுப்பில் ஒரு பையன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு கட்டடத்தை வரைந்தான். கேமில் ஒரே ஜன்னலைக் காப்பி செய்து அடுக்குகிற மாதிரி, பழைய எக்ஸ்ரே ஷீட்டில் ஜன்னல் ஸ்டென்சில் வெட்டி, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி முழுச் சுவரையும் நிரப்பினான். அது முடிந்ததும் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு ஜன்னலையும் கெடுக்க ஆரம்பித்தான். ஒன்றில் பச்சை டிரம், ஒன்றில் கம்பியில் காயும் யூனிஃபார்ம், ஒன்றில் டிஷ் ஆன்டெனா, ஒன்றில் கம்பிக்கு வெளியே நீட்டியிருக்கும் ஒரு பாட்டியின் முழங்கை. இரண்டு மட்டும் ஒற்றியபடியே இருந்தன. ஏன் என்று கேட்டேன். "அந்த ரெண்டு வீடும் பூட்டிக் கிடக்குது அண்ணா" என்றான்.

பிக்சல் என்பது நம் புள்ளிக்கோலம்தானே?

எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோலத்தில் புள்ளி என்பது கோடு சுற்றிப் போவதற்கான அடையாளம். பிக்சல் நிறம் நிரப்பிய கட்டம். வேலை செய்யும் விதமே வேறு.

சொந்தம் கொண்டாட வேண்டும் என்றால் பேனர் ஆர்ட்டிஸ்டுகளைச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் சென்னையில் சினிமா பேனரும் கட்அவுட்டும் கையால் வரைந்தவை. சின்ன ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கைக் கட்டத்தைப் பெரிய துணியில் சுண்ணாம்புக் கோட்டால் போட்டு, கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள். பக்கத்தில் நின்றால் கன்னத்தில் பச்சை, நெற்றியில் ரோஸ், மூக்கோரம் நீலம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் நடிகரின் முகம். கிட்டப் பார்த்தால் சதுரம், எட்டப் பார்த்தால் உருவம் என்கிற பிக்சல் கணக்கு அவர்களுக்குக் கைவந்த கலை. 2000-களில் ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. உங்கள் தெருவில் பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தால், என் வகுப்பை விட்டுவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

பிக்சல் ஓவியம் எப்படி ஆரம்பிப்பது?

கணக்கிலிருந்து. இரண்டடிக்கு இரண்டடி கேன்வாஸ் என்றால் 24 அங்குலம். 16 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஒன்றரை அங்குலம், 32 என்றால் முக்கால் அங்குலம். முதல் படத்துக்கு 32-ஐத் தாண்டாதீர்கள். ஆர்வத்தில் மரியோவின் முழுத் திரையையும் வரையப் போகிறேன் என்று ஒருவர் கிளம்புவார். அந்தத் திரை 256-க்கு 240. மொத்தம் 61,440 கட்டம். நாலடி அகலத் துணியில் போட்டாலும் ஒரு கட்டம் 5 மில்லிமீட்டர்கூட வராது.

நிறத்தையும் குறையுங்கள். அந்தக் கால மெஷினில் ஒரு உருவத்துக்கு மூன்று நிறம்தான், நாலாவது வெறும் பின்னணி. மரியோவுக்கு மீசை வந்ததும் இப்படி ஒரு குறையால்தான்: அத்தனை குறைந்த கட்டத்தில் வாய் வரைய இடமில்லை, மூக்குக்குக் கீழே மீசை வைத்தார்கள். தலைமுடியை அசைக்க முடியாததால் தொப்பி. சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேமில் மேகமும் புதரும் ஒரே படம், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இப்படி இல்லாமையிலிருந்து பிறந்த புத்திசாலித்தனத்தைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நாற்பது ட்யூப் வாங்கி வைத்துக்கொண்டு பிக்சல் ஓவியம் போடுவதில் அர்த்தமில்லை.

மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கும்போது டேப் ஓரத்தில் நிறம் கசியும். டேப்பை ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் அடியில் இருக்கும் அதே நிறத்தை மெல்லிசாக ஒரு கோட்டிங் கொடுங்கள். கசிந்தால் அது கசியும், கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்த பிறகு புது நிறம். பெயின்ட் முழுக்க இறுகுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள், இல்லையென்றால் தோலோடு வரும்.

திரையில் பளபளக்கும் நிறம் கேன்வாஸில் செத்துப்போய்த் தெரிகிறதே?

திரை ஒளியை வீசுகிறது, பெயின்ட் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. போனில் தெரியும் அந்தப் பச்சையும் சயானும் எந்த ட்யூபிலும் வராது. ஃப்ளோரசன்ட் பெயின்ட் வாங்கலாம், அடித்த அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும்.

வழி வேறு. ஒளிரச் செய்ய வேண்டிய நிறத்தை விட்டுவிட்டு, சுற்றி இருக்கும் நிறத்தை அழுக்காக்குங்கள். சாம்பல், பழுப்பு, கருநீலம் நடுவில் ஒரு துளி சுத்தமான மெஜந்தா வைத்தால் அது பல்பு மாதிரி எரியும். படம் முழுக்க நியான் அடித்தால் ஒன்றுமே எரியாது.

எண்ணூர் மாதிரி புகை மூட்டமான இடத்தை கேம் பாணியில் எப்படி வரைவது?

தொண்ணூறுகளின் 3டி கேம்களில் தூரத்தில் எப்போதும் மூடுபனி இருக்கும். அந்த மெஷினுக்குத் தூரத்தை வரையத் தெம்பில்லை, பனியைப் போட்டு மூடினார்கள். ஓவியரின் தூரமும் கேமின் தூரமும் ஒன்று போலத் தெரிந்தாலும் வித்தியாசம் உண்டு. கண்ணுக்குத் தூரம் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகி வெளிறும். பழைய கேமில் எல்லாமே ஒரே சாம்பலுக்குள் போகும், ஒரு எல்லைக்கு அப்பால் கட்டடம் திடீரென்று முளைக்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கோபுரங்களைப் பார்த்தால் இரண்டாவது மாதிரிதான் தெரிகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே மூடி வைத்திருப்பது மெஷினின் பலவீனம் இல்லை என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். அந்த இரண்டும் ஒரே படத்தில் வந்தால் நல்ல படம்.

கன்டெய்னரை வரையும்போது ஒரு டிப்ஸ். கேமில் கன்டெய்னர் வெறும் ஆறு பக்கப் பெட்டி. அதன் மேடு பள்ளமெல்லாம் மேலே ஒட்டிய படம். நீங்களும் பெட்டியைத் தட்டையாகப் போட்டு, வெளிச்சக்கோடு, நிழல்கோடு இரண்டை மட்டும் மாற்றி மாற்றி இழுங்கள். ஓரத்தில் அந்தக் கோடுகள் பெட்டியோடு வளையாமல் சட்டென்று வெட்டி நிற்கட்டும். அந்த இடத்தில்தான் பார்ப்பவருக்கு "இது கேம்" என்று பொறி தட்டும்.

மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் அந்த கேம் கோணம்?

ஐசோமெட்ரிக் என்பார்கள். பக்கவாட்டில் இரண்டு கட்டம் போனால் மேலே ஒரு கட்டம், இதுதான் விதி. தூரம் போனாலும் எதுவும் சிறுக்காது. சந்தும் மார்க்கெட்டும் வரைய மிக நல்ல கோணம், எல்லா வீட்டுக்கும் ஒரே மரியாதை கிடைக்கும். சித்தன்னவாசல் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தைப் பாருங்கள்: குளம் மேலிருந்து தெரிகிறது, யானையும் மீனும் பூப்பறிப்பவரும் பக்கவாட்டில் தெரிகிறார்கள். கண்ணை ஒரே இடத்தில் கட்டிப்போடாத பார்வை நம்மிடம் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

படத்துக்குள் ஸ்கோர், ஹெல்த் பார், எழுத்து எல்லாம் போடலாமா?

தாராளமாக. கே.சி.எஸ். பணிக்கர் 1963-இலிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்கு, படிக்க முடியாத எழுத்து எல்லாவற்றையும் கேன்வாஸில் நிரப்பியவர். சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். நமக்கு முன்னோடியை வெளியில் தேட வேண்டியதில்லை.

ஆனால் பார் எதை அளக்கிறது என்று யோசித்துப் போடுங்கள். ஒரு பெண் தன் வீட்டு வாசலை வரைந்து, மேலே இடது மூலையில் ஹெல்த் பாருக்குப் பதில் நீல பிளாஸ்டிக் டிரம்மின் தண்ணீர் மட்டத்தைப் போட்டாள். லாரி வராத மூன்றாம் நாள். எழுத்தே இல்லாமல் எல்லோருக்கும் புரிந்தது.

மீமை ஓவியமாக்கலாமா?

ஜோக்கை வரையாதீர்கள். 2019 மே கடைசியில் காண்டிராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்தது, பத்து நாளில் வேறு ஒன்று வந்துவிட்டது. ஜோக்குக்கு ஆயுசு அவ்வளவுதான். டெம்ப்ளேட், அதாவது வாசகத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் அந்தப் படம், நிற்கும். வடிவேலுவின் முகம் எத்தனை வருடமானாலும் புதுச் செய்திக்குப் பொருந்துவதைப் பாருங்கள். முகத்தை வரைந்து, மேலே வாசகம் வரும் வெள்ளைப் பட்டையை வெறுமையாக விட்டுவிடுங்கள். பார்க்கிறவரே எழுதிக்கொள்வார்.

இன்னொன்று, படம் தேயும் விதம். குரூப்பிலிருந்து குரூப்புக்குப் போய், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மறுபடி அனுப்பி, முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் பிசிறடித்து வரும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் துண்டுகளாக நறுக்கித்தான் சுருக்குகிறது, அந்தத் துண்டுகளின் ஓரம் வெளியே தெரிய ஆரம்பிப்பதுதான் அந்தப் பிசிறு. தட்டைப் பிரஷ்ஷால் இதை வரைவது அருமையான பயிற்சி. இறந்துபோன தாத்தாவின் ஒரே போட்டோ இப்படித் தேய்ந்து குடும்ப குரூப்பில் கிடக்கும் வீடுகள் நிறைய.

கம்ப்யூட்டர் வேண்டுமா?

வேண்டாம். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரிந்தால் போதும். இலவச பிக்சல் ஆப்கள் நிறைய இருக்கின்றன. கட்டம் போட்ட கணக்கு நோட்டு இன்னும் நல்லது.

ஏஐ-யிடம் கேட்டால் நொடியில் போட்டுக் கொடுக்கிறதே, எதற்கு வரைய வேண்டும்?

கேட்டுப் பாருங்கள். வடசென்னை கேம் மேப் என்று கேட்டால் சினிமாவில் பார்த்த அதே சந்தும் அதே கிரேனும் வரும். பூட்டிக் கிடக்கும் அந்த இரண்டு வீடு வராது.

கேமிலிருந்து எடுத்து வரைந்தால் கேஸ் போடுவார்களா?

வீட்டில் பழகுவதற்கு வரைவதில் பிரச்சினை இல்லை. விற்க ஆரம்பித்தால் கவனம் வேண்டும். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்கு இடம் கொடுக்கிறது. கேரக்டரை அப்படியே டி-ஷர்ட்டிலும் போஸ்டரிலும் அச்சடித்து விற்பது அதில் வராது, கேரக்டரின் பெயரும் லோகோவும் டிரேட்மார்க்காகவும் இருக்கும். யோசனைக்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது. பிக்சல், ஐசோமெட்ரிக் கோணம், ஹெல்த் பார், மூடுபனி எல்லாம் பொதுச்சொத்து. ஃபெங் மெங்போ செய்த மாதிரி இல்லாத கேமை வரைந்தால் தொல்லையே இல்லை. உங்கள் தெருவை வைத்து ஒரு கேம் இருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட் எப்படி இருக்கும்? நான் எல்லோருக்கும் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இது.

இது விற்குமா? என்எஃப்டி (டிஜிட்டல் படத்துக்கான உரிமைச் சான்று) என்று கோடிக்கணக்கில் போனதே?

2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்கரின் டிஜிட்டல் படத்தொகுப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் சிங்கப்பூரில் இருக்கும் தமிழர், விக்னேஷ் சுந்தரேசன். அந்த அலை அடுத்த வருடமே இறங்கிவிட்டது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கையால் வரைந்த படத்துக்கு வாங்குபவர் உண்டு, மெதுவாக வருவார்கள். இப்போதைக்கு இங்கே காசு தருவது சுவர்: ஜிம், டர்ஃப், டீக்கடை, சலூன், பிள்ளைகளின் டியூஷன் சென்டர். சதுர அடிக் கணக்கில் பேசுங்கள், பெயின்ட் செலவை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், கீழே உங்கள் பெயரைப் போடும் இடத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முறையாகப் படிக்க, நல்ல ஓவியம் பார்க்க எங்கே போவது?

எழும்பூர் பக்கத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்தவர்கள் விசாரிக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரவி வர்மா ஓவியங்கள் இருக்கின்றன. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் கண்காட்சி நடக்கும்போது நுழைந்து பார்க்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே மெட்ரோ வந்த பிறகு இதெல்லாம் தூரமே இல்லை. போனால் படத்துக்கு மூக்கு முட்டுகிற அளவு பக்கத்தில் நின்று பிரஷ் போன வழியைப் பாருங்கள், போனில் அது தெரியாது.

என் பையன் எந்நேரமும் போனில்தான். இதைச் சொல்லி இன்னும் ஆடுவானே?

ஆடுவான். காசு கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு கதை, அதற்கு இங்கே இடமில்லை. மற்றபடி நான் கேட்பது, ஆடியதில் ஓர் இடத்தை நினைவிலிருந்து வரைந்து காட்டு என்பது மட்டும். போனைப் பார்க்கக் கூடாது. பத்து நிமிடத்தில் தலையைச் சொறிவான். மறுநாள் ஆடும்போது சுட ஆள் தேடுவதை விட்டுவிட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பான், சீக்கிரம் செத்தும் போவான். ஆடும் நேரம் குறையும் என்று உத்தரவாதம் தர முடியாது.

கடல் காற்றில் படம் கெடாதா?

கெடும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஈரமும் உப்பும் அதிகம். எண்ணெய் வண்ணம் மழைக்காலத்தில் காயவே காயாது, அக்ரிலிக் எடுத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸின் பின்பக்கத்திலும் ஒரு கோட் பிரைமர் அடித்தால் பூஞ்சை குறையும். வெளிச்சுவரை ஒட்டி மாட்டாதீர்கள், மாட்டினால் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுப் போக இடம் விடுங்கள். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். பிளைவுட்டில் வரைகிறவர்கள் வெட்டிய ஓரங்களையும் பெயின்ட்டால் மூடிவிடுங்கள், தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும்.